உடன் வருபவர் பெயர்

ஆகஸ்ட் 20, 2018, திங்கள்

அக்டோபர் விடுமுறைக்கு ஆர்தேஸ் போவதென்று முடிவாகிவிட்டது. அன்னீனா பிறந்த ஊர். அவளுடைய பெரியப்பா மகன் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம், ஒரு வாரம் தங்கிக்கொள்ளுங்கள் என்று சாவியைத் தபாலிலேயே அனுப்பிவிட்டான். வீடு முடிந்தது, இனி ரயில். ரயில் என்றால் அது என் பொறுப்பு. ஓல்டனில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? நாட்டில் பாதிப்பேர் இந்த ஊரில் இறங்குவதே வண்டி மாறத்தான்.

சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்களை விரித்தேன். அன்னீனாவுக்கும் ஒரு அரைக்கட்டண அட்டை எடுத்துவிடலாம், வருஷம் பூராவும் எங்கே போனாலும் பாதி விலை, என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அல்லது அந்த மலைப்பகுதிக்கு மட்டும் ஒரு வாரப் பாஸ். நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் நகராட்சி அலுவலகத்தில் விற்கிற நாள் பாஸ். அதுதான் கொள்ளை மலிவு. ஆனால் ஊரில் இருக்கிற ரிட்டயர்டு வாத்தியார்கள் எல்லாம் பொழுது விடியுமுன் வரிசையில் நின்று வாங்கிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அன்னீனா காலணியைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள். "யப்பா! பயணத்தைவிட உன் கணக்கு நீளமா இருக்கே ரூடி. அங்க போய் நடக்கத்தானே போறோம், வாரப் பாஸ் எதுக்கு?" அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

லாடினா தட்டில் உருளைக்கிழங்கு ரோஸ்தியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அன்னீனாவின் மகள், பதினோரு வயது. உப்பு என் பக்கத்தில் இருந்தது. "அம்மா, உப்பு அந்தப் பக்கம் இருக்கு" என்றாள். நான் நகர்த்தினேன். நான் அன்னீனாவோடு சேர்ந்து வாழ வந்து இரண்டு வருஷம், மூவருக்கும் ஒரே வீடு. இதுவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிநேகிதிகளிடம் போனில் "அம்மாவோட ஆளு" என்பாள். அது பொய்யில்லையே, அதுதானே நான்.

செப்டம்பர் 4, செவ்வாய்

நகராட்சிப் பாஸ் தீர்ந்துவிட்டது. சொன்னேனில்லையா, வாத்தியார்கள்!

செப்டம்பர் 12, புதன்

எல்லாம் குழம்பிவிட்டது. அன்னீனாவின் வார்டில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இடுப்பு முறிவு, அவள் டியூட்டியையும் இவள் பார்க்க வேண்டும். அக்டோபர் ஆறு சனிக்கிழமை கிளம்ப வேண்டியவள் திங்கள் இரவு வரை டியூட்டி பார்த்துவிட்டு செவ்வாய்தான் வர முடியும். சரி, அதுவரை லாடினா பேர்னில் அவள் அப்பா ரெமோ வீட்டில் இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். இன்று ரெமோவிடமிருந்து இரண்டு வரிச் செய்தி: அந்த வாரம் முடியாது, மன்னிக்கவும். எந்த வாரம்தான் முடிந்திருக்கிறது அவனுக்கு?

ஆகவே சனிக்கிழமை நானும் லாடினாவும் மட்டும் முதலில் போக வேண்டும். அவளும் நானும். மூன்று நாள், ஒரே மாடியில்.

லாடினா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நான் செவ்வாய்க்கிழமை அம்மாகூடவே வரேன்."

"அதுவரைக்கும் வீட்டுல யாருடி இருப்பா? எனக்கு நைட் டியூட்டி."

அறைக்குள் போய் கதவை மூடிக்கொண்டாள். படாரென்று சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தமே வராமல் மூடினாள்.

எனக்கு என்ன ஆசை என்றால்... எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று நாளில் ஒரு தடவையாவது அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பா என்றெல்லாம் வேண்டாம். ரூடி போதும். ஒரு நாய்க்குட்டிக்குக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே.

செப்டம்பர் 15, சனி

எங்கள் வீட்டுக்கு இன்று சலவை நாள். கட்டடம் முழுக்கப் பொதுவான கீழ்த்தள மெஷினில் நம் முறை தவறினால் இரண்டு வாரம் அழுக்கோடு கிடக்க வேண்டியதுதான். அன்னீனா எல்லோருடைய சட்டைப் பைகளையும் கவிழ்த்து மேஜையில் கொட்டினாள். லாடினாவின் பர்ஸிலிருந்து இரண்டு ரயில் அட்டைகள் விழுந்தன.

ஒன்று தெரிந்ததுதான், பெற்றோர் அட்டை. அம்மாவோடோ அப்பாவோடோ போனால் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். அதில் அன்னீனா பேரும் ரெமோ பேரும். மற்றது துணை அட்டை. பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர் கூட்டிப்போக எடுப்பது. ஞானத்தகப்பன், சித்தி, மாமா என்று யாராவது எடுப்பார்கள். அதில் 'உடன் வருபவர் பெயர்' என்ற இடத்தில் ஒரு பெண் பேர். ஃபபியென்.

"இது யாரு?"

"ரெமோவோட இப்போதைய ஆளு. நல்ல பொண்ணு. லாடினாவுக்கு ரொம்பப் பிடிக்கும், சேர்ந்து நீந்தப் போவாங்க."

"எத்தனை நாளா?"

"குளிர்காலத்துல இருந்து. ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது?"

ஒன்றுமில்லை என்றேன். வயிறு எரிந்தது, ஆமாம், அப்படியே எரிந்தது. வந்து ஒரு வருஷம் ஆகாதவளுக்கு அட்டையில் இடம் கிடைத்துவிட்டது. இங்கே ஒருத்தன் தினமும் காலையில் கோகோ காய்ச்சி, மூக்குக்கண்ணாடி உடைந்தால் என் கடையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து கொண்டுவந்து... போதும். புலம்பாதே ரூடி.

செப்டம்பர் 18, செவ்வாய்

மதியம் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷன் கவுன்டருக்குப் போனேன். அன்னீனாவுக்கு அரைக்கட்டண அட்டை எடுத்தேன். அத்தோடு திரும்பியிருக்க வேண்டும்.

"பிள்ளைக்கு என்ன எடுக்கறீங்க?" என்று கவுன்டர் அம்மாள் கேட்டார்.

"துணை அட்டை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஞானத்தகப்பனா?"

"இல்ல."

"மாமாவா?"

"இல்ல... நான் வந்து..."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்கு முழி பிதுங்கியது. அந்த அம்மாள் இரக்கப்பட்டு, "உறவெல்லாம் இதுல எழுத இடமே கிடையாதுங்க. பேரு மட்டும் போதும்" என்றார். அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்தபிறகு, இடமே கிடையாதா என்று கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது.

செப்டம்பர் 19, புதன்

காலையில் கோகோக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அட்டையை வைத்தேன். பிறந்தநாள் பரிசு வைக்கிற மாதிரி. எவ்வளவு பெரிய மடையன் நான்.

எடுத்துப் படித்தாள். முகம் சிவந்துபோயிற்று. "நான் என்ன பெட்டி படுக்கையா? ஆளாளுக்குப் பேரை எழுதி ஒட்டறதுக்கு!"

"லாடினா!" என்று அன்னீனா அதட்டினாள்.

"என்னைக் கேட்டாங்களா? யாராவது என்னைக் கேட்டாங்களா?"

கோகோவைத் தொடவில்லை. பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அட்டை மேஜையிலேயே கிடந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? நான் கேட்கவில்லைதானே. அந்த ஃபபியென் மேல் இருந்த வயிற்றெரிச்சலில் ஓடிப்போய் வாங்கினேன். பிள்ளைக்காக வாங்கவில்லை, எனக்காக வாங்கினேன்.

செப்டம்பர் 20, வியாழன்

அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 27, வியாழன்

லாடினா ஒரு முடிவோடு வந்தாள். தனியாகவே ஆர்தேஸ் போவாளாம். கைச்செலவுக் காசில் சலுகை டிக்கெட் எடுத்தாயிற்று, அம்மாவின் போனிலிருந்து. சூரிச்சில் மாற வேண்டும், லாண்ட்குவார்ட்டில் மாற வேண்டும், தெரியுமாம். நான் வேண்டுமானால் அதே வண்டியில் வரலாம். வேறு பெட்டியில்.

அன்னீனா மறுப்பாள் என்று பார்த்தேன். "போகட்டுமே. பாலர் வகுப்புல இருந்தே தனியா நடந்து போன பிள்ளைதானே. கூடவே போய்க் கையைப் பிடிச்சா நாலு பேரு நம்மளத்தான் சிரிப்பாங்க. நீ தள்ளியே உக்காரு" என்றாள்.

"அந்தச் சலுகை டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். வண்டி தவறினா காகிதம்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"நான் எதுக்குத் தவறவிடப் போறேன்?" என்றாள் லாடினா, அம்மாவைப் பார்த்து.

எங்கள் மூன்று பேருக்கு இப்போது மூன்று தனித்தனிப் பயணம். குடும்பப் பயணமாம்!

அக்டோபர் 6, சனி, ஆர்தேஸ்

எங்கே ஆரம்பிப்பது?

ஓல்டனில் மூடுபனி. நடைமேடையில் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பெஞ்ச், இரண்டு குப்பைத்தொட்டி. ஏறினாள். நான் அடுத்த பெட்டி. சூரிச்சில் கூட்டம் அலைமோதியது. திருடனைப் பின்தொடரும் போலீஸ் மாதிரி தூணுக்குத் தூண் ஒளிந்து பார்த்துக்கொண்டே போனேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சரியான நடைமேடைக்கு என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

லாண்ட்குவார்ட்டில் சின்ன சிவப்பு வண்டி. அவள் முன்பக்கம் ஏறினாள். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன், கண்ணாடி வழியாக அவள் பின்னல் தெரிந்தது. இவ்வளவு கிட்டே இருந்தால் வாக்குத் தவறினவன் ஆகிவிடுவேனே என்று எழுந்து பின்னால் நடந்தேன். நடந்து நடந்து, கடைசிப் பெட்டிக்கே போய் உட்கார்ந்தேன். சந்தோஷப்படட்டும்.

நீளமான சுரங்கம். இறங்கியதும் அவளிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "டிக்கெட் நல்லபடியா இருந்துச்சா?" வேண்டாம், பரிசோதகர் மாதிரி இருக்கும். "பசிக்குதா?" இது பரவாயில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், காதில் ஏறவில்லை. சுரங்கம் தாண்டி ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. கொஞ்சம் குலுங்கியது. மறுபடி கிளம்பியது.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நீங்க தப்பான வண்டியில இருக்கீங்க." லாடினா! தன் நம்பரை இதுவரை எனக்குத் தந்ததே இல்லை.

"என்னது?"

"இங்க வண்டி ரெண்டாப் பிரியும். முன்பக்கம் ஆர்தேஸ், பின்பக்கம் வேற பள்ளத்தாக்கு. மைக்ல சொன்னாங்கல்ல? உங்க பெட்டி என் கண்ணு முன்னாடியே அந்தப் பக்கமாப் போகுது!"

ஐயோ. ஓல்டன்காரன்! மூன்று தாள் விரித்துக் கணக்குப் போட்டவன்! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே யானை குப்புறவே விழுந்துவிட்டது.

"சரி, நீ பயப்படாதே, நீ நேரா ஆர்தேஸ் போ, நான்..."

"நான் இறங்கிட்டேன்."

"ஏன் இறங்கின? உன் டிக்கெட்..."

"சாவி உங்ககிட்டதானே இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

அடுத்த ஸ்டேஷனில் குதித்தேன். எதிர் வண்டிக்குக் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அது எந்த எதிரிக்கும் வேண்டாம். அவள் நிற்கிற இடம் ஊரே இல்லாத ஸ்டேஷன், வண்டி மாற மட்டும் கட்டியது. வெளியே போக ஒரு பாதைகூடக் கிடையாது. போன் செய்தால் எடுக்கவில்லை. அன்னீனாவுக்குச் சொல்லலாமா? நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவளை எழுப்பி என்ன சொல்வது? உன் பிள்ளையை மலையில் விட்டுவிட்டேன் என்றா? நடைமேடையில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன், என்னால் ஆனது அவ்வளவுதான்.

போய் இறங்கும்போது பெஞ்சில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் போன், சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிருந்தது.

"மன்னிச்சிடும்மா."

"பின்னாடி எதுக்குப் போனீங்க? முதல்ல பக்கத்துப் பெட்டியிலதானே இருந்தீங்க."

பார்த்திருக்கிறாள். "தள்ளி இருக்கச் சொன்னியே, அதான்."

"அதுக்குன்னு அவ்வளவு தூரமா!"

பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பையிலிருந்து அக்ரூட் கேக்கை எடுத்து நடுவில் வைத்தேன். பாதி தின்று முடித்தபிறகு, மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கார்டு எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"ஒரு வருஷம்."

"ஃபபியென் கார்டு மார்ச் வரைக்கும் செல்லும்." கேக் துணுக்கைக் கீழே தட்டினாள். "ஆனா அவ ஜூலைலயே போயிட்டா. அப்பா சொல்லக்கூட இல்ல. நான் நீச்சல் டிரெஸ் எடுத்துக்கிட்டுப் போனேன், அங்க அவ சாமான் ஒண்ணுமே இல்ல. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

ஃபபியென்மேல் நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தப் பிள்ளை அந்த அட்டையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. என்ன சொல்ல? நான் போகவே மாட்டேன் என்று சொல்லலாம். எல்லோரும் அதைத்தானே சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரெமோவும் சொல்லியிருப்பான். ஃபபியென் அதையும் நல்ல மாதிரியாகச் சொல்லியிருப்பாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல அவங்க விக்கிறதில்ல லாடினா" என்றேன். "வித்திருந்தா வாங்கியிருப்பேன்."

வண்டி வந்தது. ஒரே பெட்டியில் ஏறினோம். எதிர் எதிரே.

பரிசோதகர் வந்தார். லாடினாவின் டிக்கெட் முந்தைய வண்டிக்கு உரியது, இனி அது வெறும் காகிதம். என்னால்தான். புது டிக்கெட் போடச் சொல்லப் பர்ஸை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"அதான் கார்டு இருக்குல்ல. குடுங்க."

கொடுத்தேன். அவளே அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "ருடோல்ஃப் ஸ்டூடர்... இவரா உன்னைக் கூட்டிட்டுப் போறாரு?"

"இல்ல, நான்தான் இவரைக் கூட்டிட்டுப் போறேன். இவரு வழி தவறிட்டாரு" என்றாள் லாடினா. பிறகு, "ஆனா பேரு சரிதான். ரூடி."

பரிசோதகர் சிரித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பள்ளத்தாக்கா, பனியா, ஒன்றும் தெரியவில்லை எனக்கு.

அக்டோபர் 9, செவ்வாய், ஆர்தேஸ்

அன்னீனா வந்துவிட்டாள். ஸ்டேஷனிலேயே லாடினா ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, உங்க ஆளு என்ன பண்ணாரு தெரியுமா?" நான் வண்டி மாறிப் போன கதையை மூச்சு விடாமல் சொன்னாள். சாவிக்காக இறங்கினதாகத்தான் சொன்னாள். பெஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அன்னீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கெல்லாம் சொல்லப் போகிறாளாம். சொல்லட்டும்.

நவம்பர் 22, வியாழன்

ஒரு தடவை கூப்பிட்டதோடு சரி. மறுபடியும் "அம்மா, உப்பு அந்தப் பக்கம்". நேற்று கணக்குப் பாடத்தில் உதவப் போய் மூக்குடைந்து திரும்பினேன். இலவு காத்த கிளி கதைதானா? அன்னீனாவிடம் கேட்டால், "அவசரப்படாதே" என்கிறாள். நான் எங்கே அவசரப்பட்டேன், இரண்டு வருஷமாக.

அட்டை மட்டும் அவள் பர்ஸில் இருக்கிறது. ரயிலில் எடுத்தவள் திருப்பித் தரவில்லை.

மார்ச் 31, 2019, ஞாயிறு

இன்றோடு ஃபபியென் அட்டைக்குக் கெடு முடிகிறது. வெள்ளிக்கிழமை நானும் லாடினாவும் சூரிச் போய் வந்தோம், அவள் பல் கம்பிக்கு. பர்ஸைத் திறந்தபோது பார்த்தேன், அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, என்னுடையதற்குப் பின்னால். நான் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

அடுத்த வாரம் என் அட்டை முடிகிறது. அக்டோபரில் மறுபடி ஆர்தேஸ். புதுப்பிக்கட்டுமா என்று கேட்க வேண்டும். போன தடவை கேட்காமல் வாங்கித்தானே அசிங்கப்பட்டேன். ஆனால் கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஏழு நாளாக வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். மேஜையில் தாள் விரித்து அன்னீனாவின் அட்டைக்குக் கணக்குப் போடுகிற மாதிரி பாவனை செய்தேன். லாடினா பார்த்தாள். போய்விட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது, தனியாக எங்கும் போவாள். என் பேர் அவளுக்கு எதற்கு?

இன்றும் கேட்கவில்லை. கோழை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கடையிலிருந்து வர நேரமாகிவிட்டது. கவுன்டர் மூடியிருந்தது. போச்சு என்று வீட்டுக்கு வந்தேன்.

என் தட்டுக்குப் பக்கத்தில் புது அட்டை. லாடினா ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்கூல் விட்டு வரும்போது வாங்கிட்டேன். இந்த வருஷம் யாரு கூட வரதுன்னு அந்தம்மா கேட்டாங்க. அதே பேருதான்னு சொல்லிட்டேன்." பிறகு, "ரூடி, உப்பு எடுங்க" என்றாள்.